படித்துக் காட்டப்பட்டது

எதிர்வீட்டுக் குழந்தையைப் பொறுத்தவரை நான் இரண்டு பேர். மூன்றாவது மாடி பால்கனியில் பனியனோடு உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர் ஒருவர். அவர் மேல் தாத்தா. சட்டை, பேண்ட் போட்டுக்கொண்டு கீழே கேட்டருகே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டுபவர் இன்னொருவர். அவர் நோட்டீஸ் தாத்தா. ஊரப்பாக்கத்தில் பதினாறு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். ஒட்டுவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். இருவருக்கும் ஒரே மீசை, ஒரே கண்ணாடி என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை கேட்டருகே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மேல் தாத்தா இருமிக்கினே கீறாரு. நீ போய் பாரு."

எனக்கு இரண்டு நாளாகச் சளி. மனைவி போனபின் வீட்டில் நான் மட்டும்தான். மாடிக்குப் போய்ச் சாவியைத் திருப்பும்போது, உள்ளேயிருந்து இருமல் கேட்குமோ என்று ஒரு கணம் கையை நிறுத்தினேன். நாலரை வயதுக் குழந்தை சொன்னதற்காக, முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன் என் வீட்டு வாசலிலேயே காது கொடுத்து நின்றேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அவளுடைய அப்பா கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில், அம்மா செங்கல்பட்டில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பள்ளி விட்டு வந்தபின் ஆறு மணி வரை என் வீட்டுக் கூடத்தில் வரைந்துகொண்டிருப்பாள். என்னை வரையச் சொன்னால், காகிதத்தின் ஒரு மூலையில் மூக்குக்கண்ணாடி, எதிர் மூலையில் மீசை, கீழ் விளிம்பில் ஒரு கால், நடுவில் ஒன்றுமில்லை. "இதுல நான் எங்கே?" என்று கேட்டால் உள்ளங்கையைக் காகிதம் முழுக்கத் தடவிக் காட்டுவாள். சிதறிக் கிடப்பது அவளுக்குத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். அவளுக்கு அது சிதறலே இல்லை என்பது மெதுவாகப் புரிந்தது. கண்ணாடி ஒரு பொருள், மீசை ஒரு பொருள். இவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு அவளிடம் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் வாட்ச்மேனும் இரண்டு பேர்தான். காக்கிச் சட்டையில் கேட்டருகே உட்கார்ந்தால் வாட்ச்மேன் மாமா. மாலையில் லுங்கியோடு செடிகளுக்குக் குழாய் பிடித்தால் தண்ணி மாமா. கேட்டைப் பிடித்து ஆடியதற்காக வாட்ச்மேன் மாமா திட்டியதைப் பற்றி ஒரு மாலை அவள் தண்ணி மாமாவிடம் புகார் கொடுத்தாள்.

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். "அப்பிடியா பாப்பா? அவன் வரட்டும். நாலு போடு போடறேன்."

"கட்டையால போடு."

"கட்டையாலதான்." பிறகு என்னைப் பார்த்து, "சார், ரெண்டு டூட்டி பாக்கறேன், ஒரு ஆளு சாப்பாடுதான் துன்றேன். கமிட்டில கொஞ்சம் பேசுங்க," என்றார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். அறை வேலையோடு சேர்ந்தது. அவருடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் அடுத்தடுத்த ஊர்களில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் படித்தேன், அவர் படிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. எட்டாவது வரை படித்திருக்கிறார். தமிழ் நன்றாகவே வாசிப்பார். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகிவிட்டது.

என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாட்சிகள் கூண்டில் ஏறிச் சொல்வதை எழுத்தாக்குவது. எந்தச் சாட்சியும் வாக்கியமாகப் பேசுவதில்லை. "வந்தாங்க... மழ... அவன் இல்ல, இவன்... கத்தி இல்ல, கம்பு" என்பார்கள். நீதிபதி அதை ஒழுங்குபடுத்திச் சொல்ல, நாங்கள் தட்டச்சு செய்வோம். சில நீதிபதிகள் ஒழுங்குபடுத்தும் வேலையையும் என்னிடமே விட்டுவிடுவார்கள். முடிவில் சாட்சிக்கு வாசித்துக் காட்டி, 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று அடித்துக் கையெழுத்து வாங்குவோம். இத்தனை வருடத்தில் "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் எழுத்தின் துல்லியத்துக்கு அதுவே சான்று என்று ஓய்வு பெறும் நாள் வரை நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பிலிருந்து வேன் பிடித்து மாமல்லபுரம் போனோம். பைகளைப் பார்த்துக்கொள்ளவும் தண்ணீர் கேன் தூக்கவும் வாட்ச்மேனும் வந்தார். மாலை நான்கு மணி வாக்கில், கடற்கரைக்குப் போகும் வழியில் வேன் நின்ற இடத்திலிருந்து அந்தக் குழந்தை காணாமல் போனாள்.

நாற்பது நிமிடம். வெயில் இன்னும் இருந்தது, கூட்டம் இருந்தது, எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. அவள் மட்டும் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அவளுடைய அம்மா மட்டும் கூப்பிடவில்லை. நேராகக் கடலை நோக்கி நடந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் முழங்கால் வரை இறங்கி, அப்படியே நின்றாள். அலை வந்து வந்து புடவையை இழுத்தது. அவள் தண்ணீரின் மேல் எதையோ வாசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைத்தாங்கலாகக் கூட்டிவர இரண்டு பெண்கள் போக வேண்டியிருந்தது.

பிறகு பார்த்தால், குழந்தை வேனின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படிக்கட்டை நானே மூன்று முறை பார்த்திருந்தேன். மூடிய கைக்குள் ஒரு சோழி.

"எங்கடி போன?" என்று அப்பா உலுக்கினார்.

"இங்கதான்," என்றாள்.

அன்றே மருத்துவரிடம் காட்டினார்கள். ஒரு கீறலும் இல்லை. இரண்டு நாள் கழித்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று "நீலக் கதவு" என்றாளாம். கொஞ்ச நேரம் கழித்து, "வாட்ச்மேன் மாமா கையப் புடிச்சாரு."

அவளுடைய அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த நாற்பது நிமிடத்தில் வாட்ச்மேனும் வேனருகே இல்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் நினைவு வந்திருந்தது.

நடைமுறை எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் ஒருவர், குழந்தைக்குப் பழக்கமான இடத்தில், ஒரே ஒரு முறை, படம் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன்.

"போலீசு, கேசு எதுவும் வேணாம் சார்," என்றார் அப்பா. "பொம்பளப் புள்ள. நீங்களே கேட்டு எழுதிக் கமிட்டிக்குக் குடுத்துடுங்க. உங்களுக்குத் தெரியாத சட்டமா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன்.

என் கூடத்தில், அவள் எப்போதும் வரையும் இடத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். பதிலை வாயில் வைக்கும் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதில் எனக்கு அன்று பெருமைகூட இருந்தது. "அப்புறம்?", "வேற என்ன?" மட்டும்தான். அவள் சொன்னவை ஆறு.

நீலக் கதவு. வாட்ச்மேன் மாமா கையப் புடிச்சாரு. நெறைய பல்லு, கயித்துல. உள்ள ஒரு பாப்பா, என்ன மாதிரியே, பேசவே இல்ல. கடல உள்ள பூட்டி வெச்சிருந்தாங்க, சத்தம் போட்டுக்கினே இருந்துச்சு. அம்மா தண்ணிக்குள்ள போனாங்க.

எழுதி முடித்தேன். மாலை வெளிச்சம் கூடத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வழக்கமான வேலையைச் செய்தேன். துண்டுகளை வரிசைப்படுத்தினேன். 'நான் மேற்படி குடியிருப்பில் என் பெற்றோருடன் வசித்து வருகிறேன்' என்று ஆரம்பித்தேன். 'வாட்ச்மேன் என் கையைப் பிடித்தார். அதன் பிறகு என்னை நீலக் கதவு உள்ள ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகு அங்கே கடல் சத்தம் கேட்டது. உள்ளே என் வயதுள்ள இன்னொரு பெண் குழந்தை இருந்தது. அது பேசவில்லை.' பற்கள் எங்கே பொருந்தும் என்று தெரியாததால் கடைசியில் வைத்தேன். அம்மா தண்ணீருக்குள் போனதை விட்டுவிட்டேன். அது பிறர் சொல்லிக் கேட்டதாக இருக்கும், பொருந்தவில்லை என்று நினைத்தேன்.

'அதன் பிறகு' என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"சரியா?"

"ம். இன்னொரு வாட்டி படி."

படித்தேன். அப்பா அம்மா வந்ததும், அவளை அம்மா மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தேன். 'இன்னொரு பெண் குழந்தை' என்ற இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பயம் அவளுக்குள் புகுந்தது அப்போதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முன் அவள் பயந்து நான் பார்க்கவில்லை.

அன்று இரவுக்குள் என் காகிதம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மறுநாள் கமிட்டி கூடியது.

"சார், நான் இன்னா பண்ணேன்?" என்றார் வாட்ச்மேன். "பாப்பா காணோம்னதும் சவுக்குத் தோப்பாண்ட ஓடனேன். அங்கதான் தேடிக்கினு இருந்தேன். கடல் மாதாவே, எம் பொண்ணுங்க மேல சத்தியம்."

"யாராவது உங்கள அங்க பாத்தாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"தேடிக்கினு கீறவன யாரு சார் பாத்துக்கினு இருப்பா?"

சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவணத்தின் நகல் தர வேண்டும் என்பதும் நடைமுறை. 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நானே கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, கைபேசியில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரம் வேனுக்கு முன்னால் எடுத்த படம் ஒன்று வந்தது. ஓரத்தில் தண்ணீர் கேனோடு ஒருவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, மெரூன் நிறச் சட்டை. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை என்று போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் அன்று காக்கி போடவில்லை.

வேட்டி கட்டிய அந்த மனிதரை அவள் வாட்ச்மேன் மாமா என்று சொல்லியிருக்கவே முடியாது. அந்த உடையில் அவர் மூன்றாவது ஆள், அவளுக்குப் பெயர் தெரியாத ஆள். அவள் கையைப் பிடித்தது யாராக இருந்தாலும் காக்கி போட்டவர். இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் தண்ணி மாமாவாக நடித்து அவளிடம் புகார் வாங்கியவர். இன்னொருவன் நான்.

அன்று மாலை அவள் வரும்வரை கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வந்தவள் வழக்கம்போல் காகிதம் எடுத்து வரைந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு மனிதன். முகத்தில் கண்ணாடி, அதன் கீழ் மீசை, கழுத்து, கை, கால் எல்லாம் அததன் இடத்தில். மேலே பால்கனியில் ஒருவன், கீழே கேட்டில் ஒருவன், நடுவில் படிக்கட்டு.

"மேல் தாத்தா படில எறங்கி வந்தா நோட்டீஸ் தாத்தா," என்றாள். "ரெண்டும் நீதான். சின்ன வயசுல எனக்குத் தெரியாது."

கயிறு வந்து சேர்ந்துவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"தண்ணி மாமா?"

"வாட்ச்மேன் மாமாதான். லுங்கி கட்டினா தண்ணி மாமா. ரெண்டும் ஒரே ஆளு."

"மாமல்லபுரத்துல யாரு கையப் புடிச்சாங்க?"

பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சுவரில் எழுதியிருப்பதை வாசிப்பதுபோல என் தலைக்கு மேல் பார்த்தாள்.

"வாட்ச்மேன் மாமா மெரூன் சட்டை போட்டுக்கினு வந்து என் கையப் புடிச்சாரு. அதன் பிறகு என்னை நீலக் கதவு உள்ள ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகு அங்கே கடல் சத்தம் கேட்டது."

குரல் அவளுடையது. வாக்கியங்கள் என்னுடையவை. நிறுத்தும் இடங்கள்கூட நான் படித்த இடங்கள்தான். முதலில் அவளிடம் ஒரு காக்கிச் சட்டை மட்டும் இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் அதற்குள் ஒரு முகம் வந்துவிட்டது, முகத்துக்கு உடம்பு வந்துவிட்டது, உடம்புக்கு அன்றைக்கு உடுத்திய சரியான சட்டையும் வந்துவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா தண்ணிக்குள்ள போனாங்கன்னு சொன்னியே?"

கொஞ்சம் யோசித்தாள். "அது இல்ல," என்றாள். "அது அதுல இல்ல."

மறுநாள் மாமல்லபுரத்துக்குத் தனியாகப் போனேன். வேன் நின்ற இடத்தில் நின்று, கடலில் முழங்கால் வரை இறங்கிய ஒரு பெண்ணை எங்கிருந்தெல்லாம் பார்க்க முடியும் என்று பார்த்தேன். முப்பதடி தள்ளி ஒரு சங்கு சோழிக் கடை. அன்று அதைத் தாண்டித்தான் ஓடினோம், உள்ளே யாரும் குனிந்து பார்க்கவில்லை. பலகைக் கதவு நீலம். கயிற்றில் கோத்த சோழிகள் வாசலில் தொங்கின. வாய் திறந்து பல் காட்டுவதுபோலத்தான் இருந்தன. உள்ளே சிப்பி ஒட்டிய கண்ணாடிகள், தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தவை, நாலரை வயதுக்காரியின் உயரத்துக்கு. மேசை மேல் பெரிய சங்குகள். ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். கடல் உள்ளே பூட்டியிருந்தது.

கடைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமல எத்தினி பசங்க வருது, எதுன்னு சொல்ல?" என்றார். "கண்ணாடியாண்ட குந்திச்சுன்னா எழுந்துக்காதுங்க. யாராச்சும் வந்து கையப் புடிச்சி இட்டுக்கினு போவாங்க."

"காக்கி போட்டவங்க யாராவது?"

"ஆட்டோக்காரன் காக்கி, வண்டி டோக்கன் கிழிக்கிறவரு காக்கி. இங்க எல்லாம் காக்கிதான் சார். நீ யாரத் தேடற?"

கண்ணாடி ஒன்றில் என் முழங்காலுக்குக் கீழ் மட்டும் தெரிந்தது. அங்கே அவள் உட்கார்ந்து, எதிரே இருந்த பேசாத பாப்பாவைப் பார்த்துக்கொண்டு, திரும்பினால் கடலில் நிற்கும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு, நாங்கள் அலறிய நாற்பது நிமிடமும் இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு காக்கிக்காரர், தனியாக இருக்கிறதே என்று கையைப் பிடித்து, அவள் காட்டிய வேனருகே விட்டிருக்க வேண்டும். 'வேண்டும்' என்றுதான் சொல்ல முடிகிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கமிட்டிக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், மொதல்ல துண்டு துண்டா சொல்லிக்கிட்டு இருந்தா. இப்ப கோவையா சொல்றா. எத்தனை தடவ கேட்டாலும் ஒரு வார்த்தை மாறல. பள்ளிக்கூடத்துல பாத்ரூம் கதவு நீலம்னு உள்ள போக மாட்டேங்குறா. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

கோவையாகச் சொல்வதுதான் சாட்சிக்கு அழகு என்று எத்தனையோ தீர்ப்புகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். என் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். கேட்டருகே ஏற்கெனவே புதிய ஆள் உட்கார்ந்திருந்தார்.

வாட்ச்மேன் செங்கல்பட்டில் மைத்துனர் வீட்டில் இருந்தார். கேளம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பழைய இடத்திலிருந்து கடிதம் கேட்கிறார்கள், அது இல்லாமல் நுழைய முடியாது என்று எனக்கு போன் செய்திருந்தார். மின்சார ரயிலில் போய் இறங்கி, பகல் பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். இளைத்திருந்தார். கடை, கண்ணாடி, சங்கு எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "நீங்க குடுத்த காயிதத்த தெனம் படிச்சேன். எங்கனா ஒரு தப்பு கீதா, புடிச்சிக்கலாமான்னு. படிச்சிப் படிச்சி இப்ப கண்ண மூடினா அந்தக் கதவு தெரியுது. நீலமா. தொறந்தா அந்த இன்னொரு பாப்பா குந்திக்கினு கீது. என்னப் பாக்குது. நான் சவுக்குத் தோப்புல தேடனேன்ல சார், அது இப்ப சரியா ஞாபகம் வர மாட்டேங்குது. இது வருது." பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "நானே செஞ்சிட்டு மறந்துட்டனா சார்?"

"இல்ல. அது கடை."

"நெசமா தெரியுமா, இல்ல இருக்கும்னு சொல்றீங்களா?"

இருக்கும் என்பதுதான் உண்மை. "தெரியும்," என்றேன். "கடைதான். நீங்க தோப்புலதான் இருந்தீங்க."

என் வாழ்க்கையில் ஆதாரம் இல்லாமல் நான் கொடுத்த முதல் வாக்குமூலம் அது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லத் தலையாட்டினார்.

கடிதத்தை நீட்டினேன். இவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, குழந்தை சொன்னதாக நான் எழுதியது நான் கோத்து எழுதியது, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் அதைப் பிரிக்காமல் நான்காக மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

"நான் படிக்க மாட்டேன் சார். அவங்க படிக்கட்டும்."

திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம் போகும் பேருந்து வந்து திரும்பியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பாப்பா எப்பிடி கீது?"

சொன்னேன். பள்ளிக் கழிப்பறைக் கதவைப் பற்றியும் சொன்னேன்.

"எனக்கு லெட்டர் குடுத்துட்டீங்க," என்றார். "பாப்பாவுக்கு இன்னா குடுப்பீங்க?"

நடத்துனர் விசில் கொடுத்தார். பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டார்.